போதகரும் சபையாரும் ஊழியத்தைப் பகிர்ந்துகொள்வது எப்படி? திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் கத்தோலிக்கர், மெதடிஸ்தர், அங்கிலிக்கர், பெந்தெகொஸ்தே சபையார் எல்லோரும் ஒரே தெருக்களில் குடியிருக்கிறோம். கலியாண வீட்டிலோ செத்த வீட்டிலோ சந்தித்தால் கதை எப்படியும் ஆலயப் பக்கம் திரும்பிவிடும். ஏன் அவர் ஒருவரே எல்லாம் செய்கிறார், ஏன் எங்களை ஒன்றும் கேட்பதில்லை, ஏன் ஒருவரும் முன்வருவதில்லை என்று பேச்சு போகும். அப்படி வரும் கேள்விகளில் சிலவற்றுக்குத்தான் இங்கே பதில். எழுதுகிறவன் மெதடிஸ்த சபையில் வளர்ந்தவன், குரு அல்ல. சொந்தக்காரரில் பாதிப் பேர் கத்தோலிக்கர். 'போதகர்' என்று எழுதியிருக்கும் இடங்களில் கத்தோலிக்கர் 'சுவாமியார்' என்று வாசித்துக்கொள்ளலாம். வித்தியாசம் முக்கியமான இடங்களில் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

ஊழியம் போதகருடைய வேலைதானே? சபையார் அவருக்கு உதவி செய்தால் போதாதா?

பெரும்பாலும் அப்படித்தான் நினைக்கிறோம். பவுல் எபேசியருக்கு எழுதிய கடிதத்தின் 4ஆம் அதிகாரம் வேறு மாதிரிச் சொல்கிறது. அப்போஸ்தலர், தீர்க்கதரிசிகள், சுவிசேஷகர், மேய்ப்பர், போதகர் ஆகியோரைக் கிறிஸ்து சபைக்குக் கொடுத்தது, விசுவாசிகளை ஊழிய வேலைக்குத் தயார்ப்படுத்துவதற்காக. வேலை செய்ய வேண்டியவர்கள் விசுவாசிகள். அவர்களைத் தயார்ப்படுத்துவது தலைவரின் பொறுப்பு. அதாவது உதவி செய்ய வந்தவர் போதகர்தான், நாங்கள் அல்ல.

பேதுருவின் முதலாம் கடிதம் 2ஆம் அதிகாரத்தில் விசுவாசிகள் எல்லோரையும் சேர்த்து ராஜரீக ஆசாரியக்கூட்டம் என்கிறது. அதே அதிகாரத்தில் கொஞ்சம் கீழே போனால் வீட்டு வேலைக்காரருக்குப் புத்தி சொல்லும் பகுதி வரும். அப்படியென்றால் எசமானின் வீட்டில் அநியாயமாக அடி வாங்கிக்கொண்டிருந்தவனும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். அவனுக்குப் பட்டமும் இல்லை, அங்கியும் இல்லை.

அப்படியென்றால் தலைவர்கள் எதற்கு? எல்லோரும் ஆசாரியர் என்றால் ஆளாளுக்கு நடத்தலாமே?

இதற்குப் பதில் தேடுகிறவர்கள் அப்போஸ்தலர் நடபடிகள் 11ஆம் அதிகாரத்தை ஆறுதலாக வாசிக்க வேண்டும். ஸ்தேவான் கொல்லப்பட்டதும் எருசலேம் சபையில் துன்புறுத்தல் தொடங்கியது. அப்போஸ்தலர் எருசலேமிலேயே இருந்தார்கள், மற்றவர்கள் சிதறி ஓடினார்கள். ஓடினவர்களில் சீப்புருவையும் சிரேனேயையும் சேர்ந்த சிலர் அந்தியோகியாவுக்குப் போய் அங்கிருந்த கிரேக்கருக்கு இயேசுவைப் பற்றிச் சொன்னார்கள். பெரிய சபை ஒன்று உருவாகிவிட்டது. அதைத் தொடங்கினவர்களின் பெயர் எங்கேயும் எழுதப்படவில்லை. இடம்பெயர்ந்த சாதாரண ஆட்கள். இடம்பெயர்வது என்றால் என்ன என்று எங்கள் மாவட்டத்தாருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

செய்தி எருசலேமுக்குப் போனதும் அங்கிருந்து பர்னபாவை அனுப்பினார்கள். அவர் வந்து என்ன செய்தார் என்பதுதான் முக்கியம். 'யாரைக் கேட்டுத் தொடங்கினீர்கள்?' என்று அவர் கேட்கவில்லை. பார்த்தார், சந்தோஷப்பட்டார், உறுதியாக நிற்கும்படி புத்தி சொன்னார். பிறகு தர்சு பட்டணத்துக்குப் போய், பின்னாளில் பவுல் என்று அழைக்கப்பட்ட சவுலைத் தேடிக் கூட்டிக்கொண்டு வந்து, இருவருமாக ஒரு வருடம் முழுவதும் அந்த மக்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். மக்கள் தொடங்கினார்கள், தலைவர் வந்து ஆழப்படுத்தினார். இரண்டு பக்கமும் தேவைப்பட்டது. பர்னபா வந்திராவிட்டால் அந்தச் சபை எந்தப் பக்கம் போயிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பெயரில்லாதவர்கள் இல்லாவிட்டால் பர்னபாவுக்கு அங்கே வேலையே இருந்திருக்காது.

தலைவருக்கு இன்னொரு வேலையும் உண்டு, அது அவ்வளவு பிரபலமானது அல்ல: காவல். அப்போஸ்தலர் 20இல் பவுல் எபேசு சபை மூப்பர்களிடம், மந்தைக்குள் ஓநாய்கள் வரும், உங்களுக்குள்ளிருந்தே ஆட்கள் எழும்பிப் பிழையாகப் போதிப்பார்கள் என்று எச்சரித்தார். வாட்ஸ்அப்பில் வாரம் ஒரு தீர்க்கதரிசனம் வந்து விழும் இந்தக் காலத்தில் இந்த வேலைக்கு ஒரு பொறுப்பான ஆள் கட்டாயம் வேண்டும். அந்த ஆளும் யாருக்காவது கணக்குக் கொடுக்கிறவராக இருக்க வேண்டும்.

குருவே இல்லாமல் சபை நடந்த காலம் எங்கள் நாட்டில் இருந்ததா?

இருந்தது, நீண்ட காலம். 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்துப் போர்த்துக்கேயரை இலங்கையிலிருந்து முழுதாக வெளியேற்றினார்கள். அதோடு கத்தோலிக்கக் குருக்களுக்கு இங்கே இடமில்லாமல் போனது. குருவை வீட்டில் ஒளித்து வைத்திருப்பதும் தண்டனைக்குரிய குற்றம். கோவாவிலிருந்து புனித யோசவ் வாஸ் 1687இல் மாறுவேடத்தில் வந்து இறங்கும்வரை, ஏறக்குறைய 30 வருடம், செபமாலையையும் மந்திரங்களையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து விசுவாசத்தைக் காப்பாற்றியவர்கள் குடும்பத்தார்தான்.

வாஸ் அடிகளார் வந்த பிறகும் குருக்கள் மிகச் சிலரே. ஒரு கிராமத்துக்கு அவர்கள் வருடத்தில் ஒரு தடவை வந்தால் பெரிய காரியம். ஆகவே ஊர் ஊராக மூப்பர்களும் அண்ணாவிமார்களும் பொறுப்பேற்றார்கள். மூப்பர் ஆலயத்தையும் சமூகக் காரியங்களையும் பார்த்தார். அண்ணாவியார் செபம் நடத்தினார், மறைக்கல்வி சொல்லிக்கொடுத்தார், சாகக் கிடக்கிறவர் பக்கத்தில் இருந்து செபித்தார், குரு வருமுன் மக்களைப் பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்தார். 2015 ஜனவரி 14ஆம் திகதி கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் யோசவ் வாஸ் அடிகளாரைப் புனிதராக அறிவித்தார். அன்று அந்த அண்ணாவிமாரையும் நினைத்திருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம். அவர் போட்ட விதையை அடுத்த வருகை வரைக்கும் வாடாமல் வைத்திருந்தவர்கள் அவர்கள்.

கிட்டிய காலத்திலும் இதைப் பார்த்திருக்கிறோம். போர்க்காலத்தில் முகாம்களில் இருந்த சனம் குரு வரும்வரை காத்துக்கொண்டிருக்கவில்லை, மர நிழலில் கூடிச் செபித்தது. 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று கடல் வந்து போன பிறகு சமைத்துக்கொடுத்தவர்களும் காணாமல் போனவர்களைத் தேடி அலைந்தவர்களும் யாரிடமும் நியமனக் கடிதம் வாங்கவில்லை. 2020இல் கொரோனா ஊரடங்கு வந்தபோது வீட்டுக்கு வீடு தகப்பனோ தாயோ ஆராதனை நடத்தினார்கள். அவசரத்தில் இவ்வளவும் செய்யத் தெரிந்த நாங்கள், நிலைமை சரியானதும் ஏன் திரும்பவும் பின் வாங்கில் போய் உட்கார்ந்துவிடுகிறோம் என்பதுதான் எனக்குப் புரியாத காரியம்.

கத்தோலிக்கர், மெதடிஸ்தர், பெந்தெகொஸ்தே சபையார் இதை ஒரே மாதிரியாகவா பார்க்கிறார்கள்?

இல்லை. வித்தியாசத்தை மறைத்துப் பேசுவதில் பிரயோசனம் இல்லை.

கத்தோலிக்கத் திருச்சபை, ஞானஸ்நானம் பெற்ற எல்லோருக்கும் பொதுக் குருத்துவம் உண்டு என்று போதிக்கிறது. ஆனால் குருப்பட்டம் பெற்றவரின் பணிக் குருத்துவம் அளவில் மட்டுமல்ல, தன்மையிலேயே வேறானது என்றும் போதிக்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் திருச்சபை பற்றி வெளியிட்ட ஏட்டில் இது தெளிவாக இருக்கிறது. அதே ஏடு பொதுநிலையினரின் சிறப்பான இடம் உலக வாழ்க்கை என்கிறது: குடும்பம், தொழில், அரசியல், சமூகம். அடுத்த வருடம், 1965இல், பொதுநிலையினரின் பணிக்கென்றே தனியாக ஓர் ஏடு வந்தது. இவ்வளவு வந்தும், பங்கில் பொதுநிலையினர் பணி என்றால் பெருநாளுக்குக் கொடிமரம் நடுவதும் பந்தல் போடுவதும்தான் என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

மெதடிஸ்த இயக்கம் பொதுமக்களின் கையில்தான் வளர்ந்தது. 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஆலயக் கட்டடக் கடன் கழுத்தை நெரித்தது. ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுப்போம், 12 பேருக்கு ஒருவர் பொறுப்பாகப் போய்ச் சேர்ப்போம் என்று ஒரு யோசனை வந்தது. காசு சேர்க்கப் போனவர்கள் வீடுகளுக்குள் இருந்த குடியையும் சண்டையையும் நோயையும் கண்டார்கள். அதைக் கேட்ட இயக்கத் தலைவர் ஜோன் வெஸ்லி, இந்த ஆட்களே அந்த 12 பேரின் ஆத்தும நலத்தையும் விசாரிக்கட்டும் என்று ஏற்பாடு செய்தார். 'வகுப்புக் கூட்டம்' என்ற மெதடிஸ்தச் சிறு குழு பிறந்த கதை அதுதான். ஒரு கடன் கணக்கு மேய்ப்புப் பணியாக மாறியது எனக்கு மிகவும் பிடித்த சரித்திரம். இன்றைக்கும் எங்கள் சேகரங்களில் சபைக் காரியங்களைப் பார்க்கும் உக்கிராணக்காரரும் குருப்பட்டம் பெறாத பிரசங்கிமாரும் இல்லாமல் காரியம் ஓடாது.

பெந்தெகொஸ்தே சபைகளில் ஆவியின் வரம் எல்லோருக்கும் உண்டு என்பது அடிப்படைப் போதனை. ஆகவே சாட்சி சொல்வதும் சத்தமாக ஜெபிப்பதும் எல்லோருக்கும் பொது. ஆனால் நிர்வாகம் என்று வந்தால் பல சுயாதீன சபைகளில் பாஸ்டரின் வார்த்தைதான் கடைசி. 1924இல் கொழும்பில் தொடங்கிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷனைப் போன்ற சபைகளில், எல்லாவற்றையும் விட்டு 'விசுவாச வீடு' என்ற ஊழியர் இல்லத்தில் தங்கும் முழுநேர ஊழியர் வேறு, விசுவாசிகள் வேறு என்ற கோடு தெளிவாகவே இருக்கிறது.

அங்கிலிக்கரிடம் ஆயர், குரு, உதவிக்குரு என்ற மூன்று படிகள் உண்டு. கூடவே சபைக் காரியங்களைத் தீர்மானிக்கும் மன்றங்களில் பொதுமக்களின் பிரதிநிதிகளும் இருப்பார்கள்.

ஞானஸ்நானம், நற்கருணை, பிரசங்கம்: இவற்றில் சாதாரண ஆட்கள் எதைச் செய்யலாம்?

கத்தோலிக்க முறையில், உயிராபத்தான நேரத்தில் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். திருச்சபை செய்ய விரும்புவதைச் செய்யும் எண்ணத்தோடு, தண்ணீர் ஊற்றி, பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரால் கொடுத்தால் அது செல்லும். மகப்பேற்று வார்ட்டில் வேலை செய்யும் தாதிமார் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. நியமிக்கப்பட்ட பொதுநிலையினர் நோயாளருக்கு நற்கருணை கொண்டு போகலாம். திருப்பலியின் மறையுரை, அதாவது பிரசங்கம், குருவுக்கும் திருத்தொண்டருக்கும் உரியது. நோயிற்பூசுதலைக் குருதான் கொடுக்க முடியும். பலருக்குத் தெரியாத ஒன்று: இலத்தீன் வழிபாட்டு மரபில் திருமணம் என்ற அருட்சாதனத்தை ஒருவருக்கொருவர் வழங்குகிறவர்கள் மணமகனும் மணமகளும்தான். குரு திருச்சபையின் பெயரால் அவர்களின் சம்மதத்தைக் கேட்டு ஏற்றுக்கொள்கிறார்.

புரட்டஸ்தாந்து சபைகளில் பிரசங்க மேடை பொதுவாகத் திறந்திருக்கும், பயிற்சியும் அனுமதியும் இருந்தால். திருவிருந்து பெரும்பாலும் அபிஷேகம் பெற்ற போதகரின் கையில். உங்கள் சபையின் ஒழுங்கைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பக்கத்துச் சபையில் நடக்கிறது என்பதற்காக இங்கேயும் செய்யப் போனால் வீண் சண்டை.

நான் கடலுக்குப் போகிறவன். படிப்பும் இல்லை, மேடையில் பேசவும் வராது. என்னால் என்ன ஊழியம் செய்ய முடியும்?

இயேசு முதலில் கூப்பிட்ட ஆட்கள் என்ன தொழில் செய்தார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஊழியம் ஆலயச் சுவருக்குள் மட்டும் நடக்கிறது என்று நினைப்பதால்தான் இந்தக் கேள்வி வருகிறது. உங்கள் வள்ளத்தில் வரும் ஆட்களுக்குப் பங்கைச் சரியாகப் பிரிக்கிறீர்களா? தென்மேற்குப் பருவத்தில் நீர்கொழும்புப் பக்கத்திலிருந்து வந்து வாடி போடுகிறவர்களோடு கரையில் தகராறு வரும்போது நியாயமாகப் பேசுகிறீர்களா? மாரி காலத்தில் தொழில் இல்லாமல் அடுப்பு எரியாத வீடு எது என்று உங்களுக்குத் தெரியும், போதகருக்குத் தெரியாது. அந்த வீட்டுக்கு ஒரு பை அரிசி போய்ச் சேர வழி செய்தால், ஒருவரிடமும் சொல்லாமல் செய்தால், அதைவிடப் பெரிய ஊழியம் எது?

துறைமுகத்திலும் சீனக்குடா மா ஆலையிலும் ஷிப்ட் வேலை செய்கிறவர்களும் இதையே கேட்கிறார்கள்: ஞாயிறும் வேலை, ஆலயத்துக்கே ஒழுங்காக வர முடியவில்லை, ஊழியம் எப்படி? ஆசுபத்திரித் தாதிக்கும், கச்சேரியில் கோப்புப் பார்க்கும் கிளார்க்குக்கும், ஓட்டோ ஓட்டுகிறவருக்கும் இதே நிலைதான். இவர்கள் ஒரு நாளைக்குச் சந்திக்கும் ஆட்களைப் போதகர் ஒரு மாதத்திலும் சந்திக்க மாட்டார். காணி உறுதிக்காக ஐந்தாம் தடவை வந்து நிற்கும் வயோதிபரை உட்காரவைத்து மரியாதையாகக் கதைப்பதும், லஞ்சம் வாங்காமல் கையெழுத்துப் போடுவதும் ஊழியம்தான். இதை மேடையிலிருந்து சொல்லி, அந்த வேலைகளுக்காகப் பெயர் சொல்லி ஜெபிக்கும் சபைகள் குறைவு. ஞாயிறு பாடசாலை ஆசிரியருக்குக் கைவைத்து ஜெபிக்கிறோம், அரச பாடசாலை ஆசிரியருக்கு ஜெபிப்பதில்லை. ஏன்?

எங்கள் போதகர் எதையும் விட்டுக்கொடுக்க மாட்டார். மைக்கைக்கூட அவர்தான் சரி பார்ப்பார். என்ன செய்வது?

முதலில் அவர் ஏன் அப்படி இருக்கிறார் என்று பாருங்கள். பொறுப்புக் கொடுத்துக் கைவிடப்பட்ட போதகர்கள் நிறையப் பேர். ஞாயிறு பாடசாலையை ஏற்றவர் மூன்றாம் வாரம் வரமாட்டார், பாடகர் குழுத் தலைவர் கோபித்துக்கொண்டு போய்விடுவார், கடைசியில் எல்லாம் அவர் தலையில். நாலு தடவை அப்படி நடந்தால் யாரும் தானே செய்துவிடலாம் என்றுதான் நினைப்பார்கள்.

ஆகவே 'எங்களுக்கும் உரிமை உண்டு' என்று தொடங்காமல், சின்ன வேலை ஒன்றைக் குறிப்பாகக் கேளுங்கள். 'ஐயா, உவர்மலைப் பக்கம் சுகமில்லாமல் இருக்கிற நாலு வீட்டை ஒவ்வொரு புதன்கிழமையும் நான் பார்க்கிறேன், வந்து உங்களுக்குச் சொல்கிறேன்.' சொன்னதை ஆறு மாதம் தவறாமல் செய்யுங்கள். பெரும்பாலான கதவுகள் இப்படித்தான் திறக்கும்.

அப்படியும் திறக்காவிட்டால், அதாவது அவருக்கு அதிகாரம்தான் பெரிது என்றால், யாத்திராகமம் 18ஐ அவருக்கு நினைவுபடுத்த வயதில் மூத்த ஒருவர் தேவை. காலையிலிருந்து மாலைவரை தனியாக வழக்குத் தீர்த்துக்கொண்டிருந்த மோசேயிடம், நீர் செய்வது நல்லதல்ல, நீரும் களைப்பீர், இந்தச் சனமும் களைக்கும் என்று சொன்னவர் அவருடைய மாமனார். மாமனார் என்றபடியால் சொல்ல முடிந்தது. மோசேயும் கேட்டார்.

மறுபக்கம்: போதகர் கூப்பிட்டாலும் ஒருவரும் வருவதில்லையே?

உண்மை. எங்கள் சனத்துக்கு இது வசதியான ஏற்பாடு. போதகருக்கு எல்லாவற்றையும் விட்டால் பிறகு குறை சொல்லவும் சுகம். இரவு பத்து மணிக்கு அவரைக் கூப்பிட்டு, புருசன் பெண்சாதி சண்டையைத் தீர்க்கச் சொல்கிறோம். பக்கத்து வீட்டில் 40 வருடம் குடும்பம் நடத்திய மூத்த தம்பதி சும்மா இருக்கிறார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. வருகிறவர்களுக்கு எப்போதும் ஒரே வேலைதான் கிடைக்கிறது. பெடியன்கள் என்றால் கதிரை அடுக்க, பெண்கள் என்றால் தேத்தண்ணி ஊற்ற. கணக்காளராக இருக்கும் பெடியனிடம் கணக்கைப் பார்க்கச் சொன்னதுண்டா? பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளையிடம் சாதாரண தர மாணவர்களுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கக் கேட்டதுண்டா? கேட்டுப் பாருங்கள், பிறகு வருவதில்லை என்று சொல்லலாம்.

பெண்கள் தலைமைப் பொறுப்பில் இருக்கலாமா?

எங்கள் சபைகளில் ஜெபக்கூட்டத்தையும் நோயாளர் சந்திப்பையும் ஞாயிறு பாடசாலையையும் ஏற்கெனவே நடத்துகிறவர்கள் யார் என்று பார்த்தால் கேள்வி பாதி தீர்ந்துவிடும். போர் முடிந்தபோது எத்தனை குடும்பங்களைப் பெண்கள் தனியே தூக்கி நிறுத்தினார்கள் என்பதும் தெரியும்.

ரோமருக்கு எழுதிய கடிதத்தின் 16ஆம் அதிகாரத்தில் பவுல் முதலில் பெயர் சொல்லிப் பாராட்டுவது பெபேயாளை. அவர் கெங்கிரேயா சபையின் ஊழியக்காரி. கெங்கிரேயாவும் எங்கள் ஊரைப் போல ஒரு துறைமுகம். பிரிஸ்கில்லாளும் அவருடைய கணவர் ஆக்கில்லாவும் கூடாரம் தைத்துப் பிழைத்தவர்கள். நன்றாகப் பேசத் தெரிந்த அப்பொல்லோவை வீட்டுக்குக் கூட்டிப் போய், அவருக்கு விளங்காமல் இருந்ததை இருவருமாக விளக்கினார்கள்.

குருப்பட்டம் என்று வந்தால் சபைக்குச் சபை நிலைப்பாடு வேறு. மெதடிஸ்தரிடமும் அங்கிலிக்கரிடமும் பெண் குருக்கள் இருக்கிறார்கள். கத்தோலிக்கத் திருச்சபை குருத்துவத்தை ஆண்களுக்கு மட்டும் கொடுக்கிறது. ஆனால் 2021 ஜனவரியில் வாசகர், பீடத்துணைவர் (பீடத்தில் குருவுக்கு உதவுகிறவர்) என்ற நிலையான பணிகளைப் பாப்பரசர் பிரான்சிஸ் பெண்களுக்கும் திறந்துவிட்டார். அதே வருடம் மே மாதத்தில் மறைக்கல்வியாளர் பணியும் முறைப்படியான திருப்பணியாக ஏற்படுத்தப்பட்டது.

போதகர் சம்பளம் வாங்குகிறார். நாங்கள் ஏன் சும்மா செய்ய வேண்டும்?

அவர் வேறு வேலைக்குப் போகாமல் இருப்பதற்காகவே சம்பளம். நீங்கள் வேறு வேலைக்குப் போகிறீர்கள். பவுலும் கொரிந்துவில் கூடாரம் தைத்துப் பிழைத்தபடிதான் ஊழியம் செய்தார். ஆனால் போக்குவரத்துக் காசு, போட்டோப் பிரதிச் செலவு மாதிரியானவற்றை ஞாயிறு பாடசாலை ஆசிரியர்களின் தலையில் கட்டுவது சரியல்ல. அதைச் சபை கொடுக்க வேண்டும்.

காசு விசயத்தில் யாருக்குப் பொறுப்பு?

போதகரின் கையில் மட்டும் இருக்கக் கூடாது. அவருடைய நல்ல பெயருக்காகவே இருக்கக் கூடாது. அப்போஸ்தலர் 6இல் விதவைகளின் பந்தியில் கிரேக்க மொழிக்காரருக்குக் குறை வந்தபோது, அப்போஸ்தலர்கள் அந்தப் பங்கீட்டைத் தங்கள் கையில் வைத்துக்கொள்ளவில்லை. நற்சாட்சி பெற்ற ஏழு பேரைத் தெரிவுசெய்யும்படி சபையாரிடம் சொன்னார்கள். சபை தெரிவுசெய்தது, அப்போஸ்தலர் கைவைத்து நியமித்தார்கள்.

கத்தோலிக்கச் சட்டப்படி ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தாக வேண்டும். பங்கின் மேய்ப்புப் பணிச் சபை ஆலோசனை சொல்லும், தீர்மானிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. நல்ல பங்குத்தந்தைக்கு அந்த ஆலோசனையே போதும்.

எங்கள் பக்கத்துக்கு என்றே ஒரு சிக்கல் இருக்கிறது: கனடா, லண்டன் காசு. வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் கோபுரத்துக்கோ மணிக்கோ காசு அனுப்புகிறார். நல்லது. பிறகு மணி எந்த நிறம், கல்வெட்டில் யார் பெயர் மேலே என்பதையும் அங்கிருந்தே தீர்மானிக்கிறார். சபைக் குழு வாயை மூடிக்கொண்டிருக்கிறது. வாரம் ஐம்பது ரூபாய் காணிக்கை போடும் கிழவிக்கு அந்தக் கூட்டத்தில் குரல் இல்லை. நன்கொடை வாங்குமுன்பே இன்ன தேவைக்கு, இன்ன ஒழுங்கில் என்று எழுதி அனுப்புங்கள். தர விரும்புகிறவர் அதற்காகக் கோபிக்க மாட்டார்.

தலைவர் பிழை செய்தால்? 'அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே' என்கிறார்களே?

சவுல் ராஜாவைக் கொல்ல வாய்ப்புக் கிடைத்தும் தாவீது கொல்லவில்லை. வசனம் சங்கீதம் 105இல் இருக்கிறது, அதைச் சொல்கிறவர்கள் இந்தக் கதையையும் சேர்த்துக் காட்டுவார்கள். ராஜாவின் கணக்கைக் கேட்காதே என்று அதில் இல்லை. தாவீது ராஜாவான பிறகு பிழை செய்தபோது, தீர்க்கதரிசி நாத்தான் அதை அவர் முகத்துக்கு நேரே சொன்னான். பவுல் அந்தியோகியாவில் பேதுருவை எல்லோர் முன்னிலையிலும் கண்டித்தார், கலாத்தியர் 2இல் அவரே எழுதியிருக்கிறார். முதலாம் தீமோத்தேயு 5, மூப்பன் மீது முறைப்பாடு வந்தால் இரண்டு மூன்று சாட்சிகள் வேண்டும் என்கிறது. பிழை தெளிவானால் வெளிப்படையாகக் கண்டிக்கச் சொல்கிறது. முதல் பாதி வதந்தியிலிருந்து தலைவரைக் காக்கும், இரண்டாம் பாதி சபையைக் காக்கும்.

சின்னச் சின்னக் குறைகளுக்கு நேரே போய்க் கதையுங்கள். பிள்ளைகளுக்கோ பெண்களுக்கோ தீங்கு நடந்திருந்தால் அது வேறு. அதைச் சபைக் குழுவில் பேசித் தீர்க்க முயலக் கூடாது, பொலிஸுக்கோ சிறுவர் பாதுகாப்பு அதிகாரிகளுக்கோ போக வேண்டும். சபையின் மானம் என்று சொல்லி யாராவது தடுத்தால் அவர் சொல்வதைக் கேட்க வேண்டாம்.

பல மதத்தவர் வாழும் ஊரில் சாதாரண விசுவாசி எப்படிச் சாட்சியாக இருப்பது?

கவனமாகவும் பணிவாகவும். போர்த்துக்கேயர் 1620களில் கோணேசர் கோயிலை இடித்துவிட்டுக் கோட்டை கட்டினார்கள். அவர்கள் கையில் சிலுவை இருந்தது. அதை மறந்தவர்கள் போல நாங்கள் பேசினால் எங்கள் இந்து அயலவருக்கு எரிச்சல் வருவது நியாயம். சாமானோ வேலையோ கொடுத்து ஆள் சேர்ப்பது சாட்சி அல்ல. நோயாளியின் பலவீனமான நேரத்தைப் பயன்படுத்துவதும் அப்படித்தான்.

இந்த விசயத்தில் போதகரைவிடச் சாதாரண ஆட்களுக்குத்தான் வாய்ப்பு அதிகம். போதகர் ஓர் இந்து வீட்டுக்கோ முஸ்லிம் வீட்டுக்கோ போனால் 'ஏன் வந்தார்?' என்று ஒரு கேள்வி எழும். பக்கத்து வீட்டுக்காரி போனால் எழாது. பொங்கலுக்கு அவர்கள் தருவார்கள், நத்தாருக்கு நாங்கள் கேக் கொடுப்போம், ரமழானில் கஞ்சி வரும். செத்த வீட்டில் கதிரை தூக்குவதில் யாரும் மதம் பார்ப்பதில்லை. அப்படி வாழ்ந்த ஒருவரிடம் 'உங்களுக்கு இந்த ஆறுதல் எங்கிருந்து வருகிறது?' என்று ஒருநாள் கேட்டால், அப்போது சாந்தத்தோடும் மரியாதையோடும் பதில் சொல்லலாம். பேதுரு சொன்னதும் அதுவே.

போதகர் இடமாற்றமாகிப் போகும்போது எல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறதே?

மெதடிஸ்த குருமாருக்கும் கத்தோலிக்கப் பங்குத்தந்தையருக்கும் சில வருடங்களுக்கு ஒரு முறை மாற்றம் வரும். அது அவர்களின் ஒழுங்கு. சபையின் வேலை அவர்களோடு பெட்டி கட்டிக்கொண்டு போகிறது என்றால், அது சபையின் கையில் இருக்கவே இல்லை என்று அர்த்தம்.

செய்யக்கூடியது ஒன்று உண்டு. படுக்கையில் இருக்கும் நோயாளர், தனியாக இருக்கும் வயோதிபர், உதவி பெறும் மாணவர், வெளிநாடு போன கணவர்மாரின் குடும்பங்கள் ஆகிய விபரங்களை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் சபையார் இருவரின் பெயர் பொறுப்பாக இருக்கட்டும். அந்தரங்கமான காரியங்களை அதில் எழுத வேண்டாம். கொப்பி சபைக் குழுவிடம் இருக்கட்டும். புதியவர் வந்த முதல் வாரம் வரவேற்புக் கூட்டம், மாலை, பேச்சு என்று போகும், அது போகட்டும். அந்த வாரமும் வழக்கமான இருவர் வழக்கமான வீடுகளுக்குப் போய் வர வேண்டும். இரண்டாம் வாரம் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.